நியமன ஆணைக்கு ஓர் உரை

மூலம்: தமிழ்நாட்டின் ஒரு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் 2024-இல் வெளியிட்ட பணி நியமன ஆணை. இரண்டு பக்கம். பெயரும் எண்ணும் ஊரும் நீக்கப்பட்டுள்ளன. ஆணை பெற்றவள் என் அண்ணன் மகள். சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எட்டு வருடம் வேலை பார்த்துக்கொண்டே படித்து, குரூப் 4 தேர்வில் தேறியவள். உரைகாரன் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராக நுழைந்து வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். ஆணையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "சித்தப்பா, வேலை குடுத்திருக்காங்களா, மெமோ குடுத்திருக்காங்களான்னே தெரியலையே" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதனால் இந்த உரை.

"மாவட்ட ஆட்சித் தலைவரின் செயல்முறைகள். முன்னிலை: திரு. ........, இ.ஆ.ப."

தனியார் நிறுவனத்தின் நியமனக் கடிதம் பெயர் சொல்லி அழைக்கும். உங்களை வரவேற்பதில் மகிழ்கிறோம் என்று தொடங்கும். இந்த ஆணையில் யாரும் மகிழவில்லை. ஓர் அதிகாரியின் முன்னிலையில் ஒரு நடவடிக்கை நடந்தது, அது பதிவாகிறது, அவ்வளவுதான். வேலை பெறுகிறவரின் பெயர் முதல் வரியில் வராது. வேலை கொடுக்கிறவரின் பதவிதான் வரும்.

ஆனால் இந்த வரியை அலட்சியமாகத் தாண்டக் கூடாது. அரசியலமைப்பின் 311-ஆம் பிரிவு அரசுப் பணியாளருக்கு இரண்டு காப்புகளைத் தருகிறது. முதலாவது, நியமித்த அதிகாரிக்குக் கீழ்ப்பட்ட எவரும் அவரைப் பணியிலிருந்து நீக்க முடியாது என்பது. அதாவது இந்தத் தலைப்பில் யார் பதவி அச்சாகியிருக்கிறதோ, அவருக்குக் கீழே இருப்பவர் எவராலும் இவளை வீட்டுக்கு அனுப்ப முடியாது. வட்டாட்சியர் கோபித்துக்கொள்ளலாம், விளக்கம் கேட்கலாம், இவளை வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லி மேலே எழுதலாம். அதற்கு மேல் அவர் கையில் இல்லை. டீம் லீடின் முகக்குறிப்பைப் பார்த்தே ஒவ்வோர் அப்ரைசலையும் கடந்து வந்தவளுக்கு இதன் அருமை சேர்ந்து சில மாதம் கழித்துத்தான் உறைக்கும்.

"ந.க.எண். அ1/......../2024"

அ1 என்பது ஒரு சீட். அ பிரிவின் முதல் எழுத்தர். அந்த அலுவலகத்தில் பணியமைப்பு விவகாரங்கள் அந்தப் பிரிவில் இருக்கின்றன. இவளுடைய நியமனக் கோப்பை எழுதியவரும் ஒரு காலத்தில் இதே போன்ற ஆணையைக் கையில் வாங்கி முழித்தவராகத்தான் இருப்பார். வருகிற ஒவ்வொரு தபாலும் எண் பெறும், ஒரு சீட்டுக்குப் போகும், அந்த சீட்டின் தன்பதிவேட்டில் ஏறும், கோப்பாகி மேலே போய்க் கீழே வரும், முடிவு கண்டு பதிவறைக்குப் போகும். டாட்டன்ஹாம் என்ற ஆங்கிலேய ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயரால் சென்னை மாகாணத்தில் வழங்கிய முறை இது. மின் அலுவலகம் வந்து கோப்புகள் திரையில் நகரத் தொடங்கிய பிறகும் எலும்புக்கூடு மாறவில்லை.

இனி இவளும் ஒரு சீட்தான். "சி3 இன்னைக்கு லீவு", "இது சி3 பார்க்கிற சப்ஜெக்ட்" என்று பேசுவார்கள். துணைத் தலைவரைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட இடத்திலிருந்து வருகிறவளுக்கு முதலில் இது சுருக்கென்று படும். பேர் எங்கே போச்சு என்று தோன்றும். இங்கே மேலே இருப்பவர் சார், அம்மா, ஐயா. கீழே இருப்பவர் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. பிறகு ஒரு பட்டா மேல்முறையீட்டுக் கோப்பு கைக்கு வந்தது. எனக்கு முன் அந்த சீட்டில் இருந்தவர்கள் எழுதிய குறிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக அதில் இருந்தன. ஒருவர் மாறுதலில் போயிருந்தார், ஒருவர் ஓய்வு பெற்றிருந்தார், ஒருவர் இறந்தே போயிருந்தார். அவர்கள் எந்தக் கேள்வியில் நிறுத்தினார்களோ அங்கிருந்து நான் தொடர முடிந்தது. மனு கொடுத்த பெரியவருக்கு எங்களில் யாரையும் பெயர் சொல்லித் தெரியாது. சீட்டைத் தெரியும். ஆள் போனாலும் வழக்கு நிற்கிறது என்பதற்காகத்தான் ஆளின் பெயரைக் கொஞ்சம் பின்னால் தள்ளியிருக்கிறார்கள்.

"பொருள்: பணியமைப்பு – வருவாய்த் துறை – இளநிலை உதவியாளர் – நேரடி நியமனம் – நியமனம் மற்றும் பணியிட ஒதுக்கீடு – ஆணை வெளியிடல் – தொடர்பாக."

பெரியதிலிருந்து சிறியதற்குப் போகும் வரிசை. கோப்பைத் தேடுகிறவருக்காக எழுதப்பட்டது, படிக்கிறவருக்காக அன்று. இன்னும் ஆறு மாதத்தில் இவளே வீட்டு மளிகைப் பட்டியலுக்கும் இப்படிப் பொருள் எழுதுவாள்.

"பார்வை: 1. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையச் செயலாளரின் கடிதம்…"

தேர்ந்தெடுத்தவர் ஒருவர், நியமிக்கிறவர் வேறொருவர் என்பதை இந்த வரி சொல்கிறது. இந்தப் பிரிவினை தற்செயலாக வந்ததில்லை. மாகாணங்களிலேயே முதலாவதாக 1929-இல் சென்னையில் பணியாளர் தேர்வாணையம் அமைந்தது. வேலை கொடுக்கும் அதிகாரியே ஆளையும் தேர்ந்தெடுத்தால் என்ன நடக்கும் என்பதை இந்த மாகாணம் நன்றாக அறிந்திருந்தது. எந்தச் சாதிக்காரர் எந்த அலுவலகத்தில் எத்தனை பேர் என்ற கணக்கு அன்றைய அரசியலின் மையக் கேள்வி.

குரூப் 4-க்கு நேர்முகத் தேர்வு கிடையாது. 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் முதல் நூறு கேள்வி தமிழ். 2021 டிசம்பரில் வந்த அரசாணைக்குப் பிறகு தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். எட்டு வருடம் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதியவள் வேர்ச்சொல்லையும் பிரித்தெழுதுகவையும் திரும்பப் படித்தது இதற்காகத்தான்.

நிறுவனத்தில் இவளுக்கு நான்கு சுற்று இன்டர்வியூ. கடைசிச் சுற்றில் ஒருவருக்கு இவளைப் பிடித்திருந்தது, எடுத்தார். பிறகு அந்த ஒருவர் வேறு நிறுவனத்துக்குப் போனபோது இவளுக்குக் கீழே தரை ஆடியது. இங்கே இவளை யாரும் பார்க்கவில்லை, பேசிப் பார்க்கவில்லை, பிடித்துப்போய் எடுக்கவில்லை. யாருக்கும் இவளை நியாயப்படுத்த வேண்டிய பொறுப்பும் இல்லை. அலுவலகத்தில் முதல் நாள் வரவேற்பு இதமாக இல்லாவிட்டால் அதற்கு இதுதான் காரணம் என்று கொள்க. வெறுப்பு ஒன்றும் கிடையாது. பூங்கொத்து, பெயர் பொறித்த தண்ணீர் பாட்டில், டீ ஷர்ட் எதுவும் கிடைக்காது. நாற்காலி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

"…இளநிலை உதவியாளராக முற்றிலும் தற்காலிகமாக நியமனம் செய்யப்படுகிறார்."

இந்த வரியைச் சிவப்பில் வட்டமிட்டு அனுப்பியிருந்தாள். "நிரந்தர வேலையை விட்டுட்டு டெம்பரவரிக்கா போறேன்?"

இரண்டு பக்க ஆணையில் அதிக உரை வேண்டிய இடம் இது. அரசு வேலை நிரந்தரம் என்று ஊர் சொல்கிறது. ஆணை தற்காலிகம் என்கிறது. இரண்டும் சரி. பணியில் சேர்ந்தபின் சான்றிதழ்களின் உண்மைத்தன்மை, காவல்துறை அறிக்கை எல்லாம் வந்து பணி வரன்முறை செய்யப்படும். அதன்பின் தகுதிகாண் பருவம் முடிந்ததாகத் தனியே ஓர் ஆணை வரும். இரண்டும் பணிப்பதிவேட்டில் ஏறிய பிறகுதான் ஊர் சொல்லும் நிரந்தரம் தொடங்குகிறது. சிலருக்கு இந்த ஆணைகள் தாமதமாகி, அதனால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் விடுபட்டுப் போவதும் உண்டு. அது அவரவர் சீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுத வேண்டிய கோப்பு என்பதால் நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

நிரந்தரமான பிறகும் அது எப்படிப்பட்ட நிரந்தரம்? 310-ஆம் பிரிவின்படி மாநில அரசுப் பணியாளர் ஆளுநரின் விருப்பம் உள்ளவரை பதவி வகிக்கிறார். பயமுறுத்தும் வாசகம்தான். அடுத்த பிரிவு அந்த விருப்பத்துக்குக் கடிவாளம் போடுகிறது: குற்றச்சாட்டு என்ன என்று சொல்லி, விசாரித்து, தன் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுக்காமல் நீக்கக் கூடாது. மேலே சொன்ன இரண்டாவது காப்பு இது. இதை நடைமுறையில் செய்து காட்டுவது 1955-ஆம் ஆண்டின் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் உள்ள 17-ஆவது விதி. சிறு தண்டனைக்கு 17 அ, பெருந்தண்டனைக்கு 17 ஆ. அலுவலகத்தில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 'செவன்டீன் ஏ', 'செவன்டீன் பி' என்பார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி. 17 ஆ-வில் குற்றச்சாட்டு, அதற்கு விளக்கம், விசாரணை அதிகாரி, சாட்சி, குறுக்கு விசாரணை, அறிக்கை, அதன் மேல் மறுபடி விளக்கம் என்று நீளும்.

விதிவிலக்கான காலமும் இருந்தது. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் டெஸ்மா எனும் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் விசாரணையின்றி ஒரே வீச்சில் நீக்கப்பட்டார்கள். வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆகஸ்டில் சொன்னது. மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துப் பெரும்பாலோர் திரும்பினார்கள். அரசு வேலையை அசைக்க முடியாது என்று சொல்கிறவர்கள் அந்த ஜூலையை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே இவளுக்கு நான் சொன்ன பொருள் இது. இங்கே கிடைப்பது எதுவும் நடக்காது என்ற உறுதி இல்லை. நடப்பது எழுத்தில் நடக்கும், பதில் எழுத இடம் இருக்கும் என்ற உறுதி. இவள் குழுவில் இருந்த ஒரு பையனை ஒரு வியாழக்கிழமை மதியம் வீடியோ காலில் அழைத்தார்கள். பதினைந்து நிமிடம். அழைப்பு முடிவதற்குள் லாகின் போய்விட்டது. அவன் என்ன தவறு செய்தான் என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அவன் எந்தத் தவறும் செய்யவில்லை. இவள் குரூப் 4 புத்தகம் வாங்கியது அந்த வாரம்தான்.

இதற்கு ஒரு விலை உண்டு. ஆளை நீக்குவதற்கு எத்தனை படி ஏற வேண்டுமோ, நல்ல யோசனை ஒன்று ஏறவும் அதே படிகள்தான். மாதாந்திர அறிக்கையை எக்செல்லில் ஒரு மேக்ரோ எழுதிப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவாள், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கண்காணிப்பாளர் பழைய படிவத்திலேயே கேட்பார். தணிக்கைக்கு வருகிறவர்கள் அந்தப் படிவத்தைத்தான் கேட்பார்கள் என்பார். அதுவும் பொய்யில்லை. ஒரே காகிதம்தான் கேடயமாகவும் சுமையாகவும் இருக்கிறது; ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுக்க வழி கிடையாது.

"…ஊதிய நிலை 8-இல் ரூ.19,500/- அடிப்படை ஊதியத்திலும், அரசால் அவ்வப்போது அனுமதிக்கப்படும் படிகளிலும்…"

2024 தொடக்கத்தில் அகவிலைப்படி 50 விழுக்காடு. 19,500-உடன் 9,750 சேர்த்தால் 29,250. இதோடு ஊருக்கேற்ற வீட்டு வாடகைப்படி, 300 ரூபாய் மருத்துவப்படி. பிடித்தங்கள் போக முப்பதாயிரத்துக்குள்தான் கைக்கு வரும். நிறுவனத்தில் இவள் கைக்கு வந்தது எழுபத்தைந்தாயிரத்துக்கு மேல். பாதிகூட இல்லை. இதை யாரும் மழுப்பிப் பேச வேண்டியதில்லை. சம்பளம் மட்டுமே காரணம் என்றால் வரக் கூடாது.

எட்டு வருட அனுபவம்? ஆணையில் அதற்கு ஒரு வரியும் இல்லை. பத்தாம் வகுப்புதான் இந்தப் பதவிக்குக் கேட்ட தகுதி. அதற்கு மேல் இவள் படித்ததும் செய்ததும் இந்தக் காகிதத்தின் கண்ணுக்குத் தெரியாது. போன வருடம் கல்லூரி முடித்த பையன் தேர்வாணைய வரிசையில் முன்னால் இருந்தால் பணிமூப்பிலும் அவன் முன்னால்தான். நாளைக்கு உதவியாளர் பட்டியலிலும், பிறகு துணை வட்டாட்சியர் பட்டியலிலும் அந்த வரிசை கூடவே வரும். 'நெகோஷியேட்' செய்யலாமா என்று கேட்டாள். சிரித்துவிட்டேன்.

வருடாந்திர உயர்வு மூன்று விழுக்காடு. அடுத்த படி 20,100. அது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று காலாண்டின் முதல் நாளில் வரும். யாரும் பெல் கர்வ் போட்டு இவளை நடுவில் உட்கார வைக்க மாட்டார்கள். அகவிலைப்படி ஆண்டுக்கு இரண்டு முறை விலைவாசிக் கணக்கோடு ஏறும். இன்னொரு விஷயமும் உண்டு. பக்கத்து நாற்காலிக்காரரின் சம்பளம் என்ன என்பது இங்கே ரகசியம் இல்லை. நிலையும் சேர்ந்த தேதியும் தெரிந்தால் யாரும் கணக்குப் போட்டுவிடலாம். நிறுவனத்தில் இவளுக்குச் சமமான வேலை பார்த்த ஆணுக்கு இவளைவிட எவ்வளவு கூட என்று கடைசிவரை இவளுக்குத் தெரியாமலே போனது. இங்கே அந்தச் சந்தேகத்துக்கு வேலையில்லை.

என் அண்ணிக்கு இந்தப் பத்தியின் எண்கள் எதுவும் காதில் ஏறவில்லை. 'கவர்மென்ட்' என்ற சொல்லோடு நின்றுவிட்டார். வரன் பார்ப்பவர்களும் அங்கேயே நிற்பார்கள் என்பது அவர் கணக்கு.

"…பணியேற்கும் நாள் முதல் மூன்றாண்டு தொடர் காலத்திற்குள் இரண்டாண்டுப் பணிக்காலம் தகுதிகாண் பருவமாகும்."

புரொபேஷன் அங்கேயும் ஆறு மாதம் இருந்ததே என்றாள். இருந்தது. அங்கே அது முடிந்ததை யாரும் கவனிக்கவில்லை. இங்கே இரண்டாண்டு என்பது நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த இரண்டாண்டு. நீண்ட விடுப்பில் போனால் அந்த நாட்கள் பின்னுக்குத் தள்ளிப்போகும். அதற்கு இடம் விட்டுத்தான் மூன்றாண்டு என்று வைத்திருக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டு அரசுப் பணியாளர் பணி நிபந்தனைகள் சட்டத்தில் இவை இருக்கின்றன. சட்டத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுவது நல்லது. பெரும்பாலோர் ஓய்வு பெறும்வரை படிப்பதில்லை. அடுத்த மேசைக்காரர் சொல்வதே அவர்களுக்குச் சட்டம்.

"…ஆணை கிடைக்கப்பெற்ற 15 தினங்களுக்குள் பணியேற்க வேண்டும். தவறும்பட்சத்தில் நியமனம் ரத்து செய்யப்படும்."

தனியாரிலிருந்து வருகிறவர்களுக்குச் சிக்கல் இங்கேதான். மென்பொருள் நிறுவனங்களில் நோட்டீஸ் காலம் மூன்று மாதம் என்பது வழக்கமாகிவிட்டது. அரசோ இரண்டு வாரம் தருகிறது. இரண்டு கடிகாரமும் ஒன்றையொன்று அறியாது. தேர்வு முடிவு வந்தவுடன் சந்தோஷத்தில் ராஜினாமா கொடுத்துவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு, துறை ஒதுக்கீடு என்று மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் காத்திருந்தவர்களும் உண்டு. ஆணை வரட்டும் என்று இருந்துவிட்டு, வந்ததும் நிறுவனத்தில் கெஞ்சிக்கொண்டு நின்றவர்களும் உண்டு. கலந்தாய்வில் இடம் தேர்ந்த அன்றே நோட்டீஸ் கொடுப்பது ஓரளவுக்கு நடுவழி. குறுகும் நாட்களுக்கான சம்பளத்தைக் கட்டிவிட்டு வெளியேற நிறுவனம் சம்மதிக்குமா என்று முன்பே கேட்டு வைக்க வேண்டும். ரிலீவிங் கடிதம் இல்லாமல் வராதே என்று இவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். பணியேற்க அவகாசம் கேட்டு விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் எழுத்தில் கிடைக்க வேண்டும். "பரவாயில்லம்மா, மெதுவா வாங்க" என்று பிரிவில் யாரோ போனில் சொன்னதை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது.

பணியேற்பு அறிக்கையில் தேதிக்குப் பக்கத்தில் முற்பகல் அல்லது பிற்பகல் என்று எழுத வேண்டும். அற்பம் என்று தோன்றும். காலையில் சேர்ந்தால் அன்றைய நாளும் பணிக்காலம். கோயிலுக்குப் போய்விட்டு நல்ல நேரம் பார்த்து மத்தியானம் வருகிறவர்கள் அந்த நாளைத் தெய்வத்துக்குக் காணிக்கை ஆக்குகிறார்கள்.

"…பவானிசாகர் அடிப்படைப் பயிற்சியை முடிப்பதுடன், விதிகளில் நிர்ணயிக்கப்பட்ட துறைத் தேர்வுகளிலும் தேர்ச்சி பெற வேண்டும்."

ஈரோடு மாவட்டத்தில் அணைக்குப் பக்கத்தில் இருக்கிறது குடிமைப் பணி அலுவலர் பயிற்சி நிலையம். எல்லாத் துறைகளிலிருந்தும் புதிதாக வந்தவர்கள் அங்கே ஒன்றாகத் தங்கிப் படிப்பார்கள். நான் பெற்ற நண்பர்களில் பாதிப் பேர் பவானிசாகர் நண்பர்கள். பிற்காலத்தில் வேறு மாவட்டத்துக் கருவூலத்தில் ஒரு சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் அந்த நட்புதான் கைகொடுக்கும்.

துறைத் தேர்வுகளை ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வாணையமே நடத்துகிறது. மாவட்ட அலுவலக நடைமுறை நூல், கணக்குத் தேர்வு, வருவாய்த் தேர்வுகள். பலவற்றில் புத்தகத்தைப் பார்த்து எழுதலாம். பார்த்து எழுதியும் தோற்கிறவர்கள் ஏராளம். இவள் இதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. சான்றிதழ்த் தேர்வுகள் எழுதியே வளர்ந்தவள்.

வருவாய்த் துறை என்பதால் ஒரு வார்த்தை. பத்து மணி முதல் ஐந்தே முக்கால் என்று அலுவலக நேரம் எழுதியிருக்கிறது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள், கோடையில் ஜமாபந்தி, ஐப்பசியில் வெள்ளம், நடுவில் தேர்தல் என்று வரும்போது அந்தக் கடிகாரம் யாருக்கும் நினைவிருக்காது. தேர்தல் பிரிவில் வாக்கு எண்ணிக்கைக்கு முந்தைய வாரம் புரொடக்‌ஷன் ரிலீஸ் போலத்தான் என்று சொன்னதும் இவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

"…தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973-க்குக் கட்டுப்பட்டவர் ஆவார்."

ஒரு வரிதான். இதன் பின்னால் ஒரு வாழ்க்கை முறையே மாறுகிறது. சேரும்போது சொத்து விவரம் கொடுக்க வேண்டும். பிறகு மனை வாங்கினாலும் விற்றாலும் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அனுமதி வேண்டிய இடத்தில் அனுமதி பெற வேண்டும். வேறு தொழிலோ வேலையோ பார்க்கக் கூடாது. வார இறுதியில் இவள் செய்துவந்த ஃப்ரீலான்ஸ் வேலை அன்றோடு முடிந்தது. பங்குகளை வாங்கி நீண்ட காலம் வைத்திருப்பது வேறு. தினமும் வாங்கி விற்பதை விதிகள் சூதாட்ட வகை ஊகவணிகமாகவே பார்க்கின்றன. கைபேசியில் இருக்கும் டிரேடிங் செயலியை என்ன செய்யப்போகிறாள் என்று கேட்டேன். பதில் வரவில்லை. வரதட்சணை வாங்கக் கூடாது, முதல் மணத்துணை இருக்க இன்னொரு திருமணம் கூடாது, கட்சி அரசியலில் ஈடுபடக் கூடாது. அரசைக் கடுமையாக விமர்சித்து முகநூலில் எழுதுவதும் ஆபத்து. இவள் அப்படி நிறைய எழுதுகிறவள். சம்பளம் பாதியானதைவிட இது இவளுக்குக் கனமாக இருக்கும் என்பது என் அனுமானம்.

"…பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் வருவார்."

2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்த எவருக்கும் நான் வாங்கும் பழைய ஓய்வூதியம் கிடையாது என்பது இதன் பொருள். ஆணை வந்த 2024-இல் இருந்த விதிப்படி, சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் பத்து விழுக்காடு இவளிடம் பிடிப்பார்கள், அதே அளவு அரசு போடும். அரசு வேலைக்குப் போ, சாகிறவரை பென்ஷன் என்று அறிவுரை சொல்லும் மாமாக்கள் எல்லோரும் 2003-க்கு முன் சேர்ந்தவர்கள் என்பதைக் கவனிக்க. இதை மாற்றச் சொல்லி ஊழியர் சங்கங்கள் நீண்ட காலமாகப் போராடின. 2025-இல் அரசு ஒரு குழு அமைத்தது. விதிகள் அசைந்துகொண்டிருக்கும் இடம் இது. இந்தப் பத்திக்கு மட்டும் என் உரையை நம்பாமல் நடப்பு அரசாணையைப் படிக்க வேண்டும். ஓய்வு வயது 2020-இல் 58-லிருந்து 59 ஆகி, 2021-இல் 60 ஆனது. அந்த எண்ணும் நிலையானதென்று யார் சொன்னது?

பழைய நிறுவனத்து பி.எஃப். பற்றி ஆணை பேசாது, ஆனால் இங்கே சொல்லிவிடுவது முறை. ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்திருப்பதால் பி.எஃப். தொகையை எடுத்தால் வருமான வரி இல்லை. ஐந்தாண்டு தாண்டியதால் பணிக்கொடையும் உண்டு, கேட்டு வாங்க வேண்டும். ஆனால் பி.எஃப்.-இன் ஓய்வூதியப் பங்குக்குப் பத்தாண்டு சேவை தேவை. இவளுக்கு எட்டு. இரண்டு வருடக் குறையில் அந்தப் பென்ஷன் தகுதி போகிறது. பணமாக எடுத்துக்கொள்ளலாம், அல்லது திட்டச் சான்றிதழாக வாங்கி வைக்கலாம். ஆக இங்கேயும் பழைய பென்ஷன் இல்லை, அங்கேயும் பென்ஷன் இல்லை. இரண்டு வாசலுக்கும் நடுவே நிற்கிற தலைமுறை.

"…பணியேற்பதற்குப் பயணப்படி எதுவும் வழங்கப்படமாட்டாது."

பஸ் காசு உன்னுடையது என்றவாறு.

"நகல்: 1. சம்பந்தப்பட்ட நபர். 2. மாவட்டக் கருவூல அலுவலர். 3. வட்டாட்சியர். 4. இருப்புக் கோப்பு."

சம்பந்தப்பட்ட நபர் என்பது இவள்தான். உரை கேட்டவளுக்கு இந்த இடத்தில்தான் சிரிப்பு வந்தது.

கருவூலத்துக்குப் போகும் நகல்தான் சம்பளத்துக்கு வழி. களஞ்சியம் மென்பொருளில் பணியாளர் எண் உருவாக வேண்டும். அதற்கு ஆதார், பான், வங்கிக் கணக்கு, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எல்லாவற்றிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். நம் ஊரில் அது லேசில் நடக்காது. ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்து கிடக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே மற்றவற்றைத் திருத்தி வைத்துக்கொள்ள வேண்டும், அதுவும் சேர்வதற்கு முன்பே. இந்த வேலையெல்லாம் முடிந்து முதல் சம்பளம் வர இரண்டு மூன்று மாதம் ஆகலாம். வரும்போது நிலுவையோடு சேர்ந்து வரும். இவளுக்கு வண்டிக் கடன் தவணை ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி போகிறது. பணிக்கொடைப் பணத்தில் நான்கு தவணையைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.